மகிழினி எழுதிய 'நான்'

எர்ணாவூர்

பிரியமுள்ள பூவிழி அப்பாவுக்கு,

நீங்களும் குழந்தையும் அத்தையும் சுகம்தானே? நான் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நேற்று ஒன்பதாம் வகுப்பில், சொல்கிற ஆள் மாறினால் கதை எப்படி மாறும் என்று நடத்தினேன். "வேற யாராவதா உங்களை நெனச்சுக்கிட்டு, 'நான்'னு எழுதுங்க" என்றேன். கடல்காற்றில் வகுப்பே பாதித் தூக்கத்தில் மிதந்தது. தூரத்தில் ஒரு கப்பல் ஊதியது. அப்போது மகிழினி என்ற பெண் எழுந்து, தான் எழுதியதை வாசித்தாள்.

"நான் டீச்சர். மகிழினிக்கு ரிப்பன் கட்டிவுட்டேன். கட்டி முடிச்சும் கை அவ தலையிலயே கீது. ஊர்ல என் பொண்ணுக்கு யாரு பின்னிவுடுறாங்கன்னு நெனச்சுகினு கீறேன்."

அவள் எழுதிய டீச்சர் அவளை மாதிரியே 'கீறேன்' என்று பேசியதற்குப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "உனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல டீச்சர். நீங்களா இருந்து பாத்தேன்."

ஏற்கெனவே அழித்திருந்த கரும்பலகையை மறுபடியும் அழித்தேன்.

நீங்கள் கவலைப்படாதீர்கள். இங்கே விடியற்காலையில் கொஞ்சம் குளிர்கிறது, அவ்வளவுதான். ராஜபாளையத்திலிருந்து யாராவது வந்தால், பூவிழி போர்த்துகிற பச்சைப் போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். அவளுக்குப் புதிது வாங்கிக்கொள்ளலாம். துவைக்காமல் அனுப்புங்கள்.

மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போகிறேன்.

உங்கள்
உமையாள்