பனிக்கண் பைரவனின் கடைசித் தாள்

12 ஜூன் 2025, வியாழன்

சாரல் பிடித்துவிட்டது. துணி காயவில்லை. பார்சல் வந்தது.

பனிக்கண் பைரவன்! பன்னிரண்டு கதையும் ஒரே தொகுப்பாக, கெட்டி அட்டை போட்டு, தலையணை கனத்தில். மருமகள் உமாதேவி போனில் சொல்லி வரவழைத்திருக்கிறாள். "தூக்கத்துல கூட இவன் பேரச் சொல்லுதீங்கள்லா அத்தை, அதான்" என்றாள். பொய். நான் தூக்கத்தில் பேசுகிறவள் இல்லை.

அதே முகமூடி, அதே நீல அங்கி. பார்த்தாலே எதிரி உறைந்துபோகிற அதே கண். அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எழுத்துக்கூட்டிப் படித்துத் தேறியது இவனை வைத்துத்தான். அறுபத்தொன்பது வயசில் நெஞ்சு இப்படி அடிக்கக் கூடாது. அடிக்குது, என்ன செய்ய?

13 ஜூன், வெள்ளி

ஐந்து கதை முடித்தாயிற்று. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. உமா துடைத்துவிட்டுப் போனாள். சில நேரம் நல்லவள்தான்.

ஒரு கதையும் முடியமாட்டேன் என்கிறது. எல்லாம் கடைசியில் மொட்டையாக நிற்கிறது. ஏன்?

14 ஜூன், சனி

கண்டுபிடித்துவிட்டேன்!

எட்டாம் கதையில் ஒரு மூலையில் மங்கலாக வட்ட முத்திரை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். "மீரான் வாடகை நூல் நிலையம், தென்காசி." அழிக்க மறந்து அப்படியே அச்சடித்திருக்கிறார்கள்.

முகம்மது மீரான் அண்ணாச்சி கடையில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் புத்தகம் வந்ததும் கடைசித் தாளைப் பிரித்துத் தகர டப்பாவில் போட்டுவிடுவார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் அந்தத் தாளைக் கையில் தருவார். அங்கனயே நின்று படித்துவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பயலும் புத்தகத்தைத் திருப்பித் தரமாட்டான் என்பார். அந்தக் கடையின் மொட்டைப் புத்தகங்களை யாரிடமோ வாங்கி, இவ்வளவுதான் கதை என்று நினைத்துத் தொகுப்புப் போட்டுவிட்டார்கள்!

டப்பாவுக்குக் காவல் இருந்தது அண்ணாச்சி மகள் ஜாஹிரா. அவள் பேரை இந்த நோட்டில் எழுதக் கூடாது என்று இருந்தேன். எழுதிவிட்டேன்.

16 ஜூன், திங்கள்

உமா என்னை வாசகர் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டாள். முந்நூறு பேர். எல்லாரும் ஆறாவது கதையான 'நீலப் பால'த்தைப் பற்றித்தான் கருத்துச் சொல்கிறார்கள். எதிரி பாலத்தில் தொங்குகிறான், பைரவன் கையை நீட்டுகிறான். அதோடு நிற்கிறது.

"காப்பாற்றினானா, கைவிட்டானா? முடிவை நம்மிடமே விட்ட மேதைமை." இது கடற்கரை என்று ஒருத்தன் எழுதியது. மேதைமையாம்! அதே கதையில் இருபத்தேழாம் பக்கத்தில் ஒரு கட்டம் வெறும் வெள்ளையாக இருக்கிறதல்லவா, அதற்கும் விளக்கம் வைத்திருக்கிறான். "பைரவனுக்கு முகமே கிடையாது என்பதை ஓவியர் ஒரு வெற்றிடத்தால் சொல்லிவிட்டார்." நாற்பது பேர் கைதட்டல் படம் போட்டிருக்கிறார்கள்.

சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வெள்ளைக் கட்டம்... வேண்டாம். இன்றைக்கு வேண்டாம்.

17 ஜூன், செவ்வாய்

குழுவில் என் கருத்தைச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல உமா அடித்தாள். கடைசித் தாள்கள் இல்லை, இது முழுப் புத்தகம் இல்லை என்று.

கடற்கரை பதில் போட்டான்: "பாட்டிம்மா, வயசானா ஞாபகம் அப்படி இப்படி இருக்கும். பரவாயில்ல." பரவாயில்லையா! அவன் பேரை இந்த நோட்டின் அட்டைக்குப் பின்னால் குறித்து வைத்திருக்கிறேன்.

உடனே பதினோரு கதையின் கடைசித் தாளையும் கட்டம் கட்டமாகச் சொன்னேன். யார் எங்கே நின்றான், என்ன சொன்னான், பின்னால் நாய் எந்தப் பக்கம் பார்த்தது, எல்லாம். "விரல் வலிக்குது அத்தை" என்றாள் உமா. "வலிக்கட்டும், அடி" என்றேன்.

சாயங்காலம் பதிப்பாளரே போன் பண்ணினார். தாணுமாலயன் என்று பேர். "அம்மா, ரெண்டாம் பதிப்பு பத்து நாள்ல அச்சுக்குப் போகுது. அந்தத் தாளெல்லாம் கெடைச்சா சேத்திருவேன். கெடைக்கலைன்னா இப்படியேதான் போகும்" என்றார். பிறகு கேட்டார், "நீலப் பாலம் முடிவ மட்டும் நீங்க சொல்லலையே?"

எப்படிச் சொல்வேன்? அந்த ஒரு தாளை நான் பார்த்ததே இல்லை.

19 ஜூன், வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

1974, வைகாசி. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. கடைசியாக எடுத்த புத்தகம் 'நீலப் பாலம்'. திருப்பிக் கொடுக்கப் போனேன். ஜாஹிரா புரட்டிப் பார்த்துவிட்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏட்டி, படத்தக் கிழிச்சிட்டியே! கிழிச்சவளுக்குக் கடைசித் தாள் கிடையாது" என்றாள். பின்னால் பேரனுக்குப் புத்தகம் எடுக்க நின்றவள் அச்சன்புதூர்க்காரி. எனக்கு மாமியாராக வரப்போகிறவள்.

அந்த அம்மாள் கண்ணை மூடும் வரைக்கும் இருபத்திரண்டு வருஷம் எனக்குப் பேர் 'கிழிச்சவ'. வீட்டில் ஒரு புத்தகம் நுழையவில்லை. பலசரக்கு கட்டி வந்த தாளைப் படித்தால் அதற்கும் ஒரு பேச்சு.

ஜாஹிராவோடு அன்றைக்கு விட்ட பேச்சு. அவள் வீடு இன்றைக்கும் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருதான்.

கிழித்தேனா? கிழித்தேன். நான்தான். பைரவன் முகமூடியைத் தூக்கிக் கண்ணைத் துடைக்கிற கட்டம் அது. பன்னிரண்டு கதையில் அந்த ஒரு இடத்தில்தான் முகம் தெரியும். கல்யாணத்துக்கு அப்புறம் எங்கே பார்க்கப் போகிறேன் என்று நகத்தாலேயே எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். ஆடியில் ஐந்தருவியில் குளித்தபோது எடுத்து வைக்க மறந்து, படம் கூழாகிவிட்டது.

கிழித்தால் என்ன? அதை ஊர் கேட்கச் சொல்வாளா ஒருத்தி?

21 ஜூன், சனி

போகமாட்டேன்.

22 ஜூன், ஞாயிறு

போனேன்.

கதவைத் திறந்தது ஜாஹிராவின் மருமகள் சாஜிதா. உள்ளே இருந்து, "யாரு?" என்று குரல்.

"யாரோ ஒரு ஆச்சி, மாமி."

"யாரோ இல்ல. தெருவுல அந்தச் செருப்புச் சத்தம் தெனமும் கேக்குதேன். முத்துவடிவு. எதுக்குளா வந்தே?"

"கடைசித் தாள் பாக்கணும். இருக்கா?"

"இருக்கு. ஆனா கிழிச்சவளுக்குக் கெடையாது. வாப்பா போட்ட சட்டம்."

"ஒங்க வாப்பா மௌத்தாயி, அடக்கம் பண்ணி முப்பது வருஷமாச்சு."

"சட்டம் மௌத்தாகல."

குடையை எடுத்துக்கொண்டு வாசல் நடை வரைக்கும் வந்துவிட்டேன். நின்றேன். நான் போய்விட்டால் புத்தகம் இப்படியே அச்சாகும், அந்தக் கடற்கரை விளக்கம் சொல்லிக்கொண்டே இருப்பான். அதுகூடக் கிடக்கட்டும். பைரவன் அவனைத் தூக்கினானா இல்லையா?

திரும்பினேன். "நாந்தான் கிழிச்சேன்" என்றேன். சாஜிதா முன்னாலேயே, சத்தமாக.

"இன்னொரு தடவ சொல்லு."

"சொல்லமாட்டேன்."

அவள் சிரித்தாள். இடதுபக்கம் பல் ஒன்றும் இல்லை. "ஒம் மாமியாக்காரி நிக்கான்னு எனக்குத் தெரியாதுட்டி. சொன்ன வார்த்தைய அள்ளி வாய்க்குள்ள போட முடியுமா?"

"இத வந்து சொல்லியிருக்கலாம்லா?"

"நீ கிழிச்சத வந்து சொல்லியிருக்கலாம்லா?"

சாஜிதா டீ கொண்டுவந்தாள், ஜாஹிரா தகர டப்பாவைக் கொண்டுவந்தாள்.

டப்பாவைத் திறந்தால் அந்துருண்டை வாசம். பன்னிரண்டு தாளும் அப்படியே! அவளே ஆறாவதை எடுத்து நீட்டினாள். மூன்றே கட்டம். பைரவன் எதிரியின் கையைப் பிடித்து இழுக்கிறான். கையுறை மட்டும் கழன்று வருகிறது, எதிரி விழுகிறான். மூன்றாவதில் பாலத்தில் ஆளே இல்லை. தண்ணீரில் இரண்டு வட்டம். கீழே பாதிப் பக்கத்துக்குப் பற்பொடி விளம்பரம்.

இரண்டு வட்டம்! "குதிச்சிட்டாம்ளா! எதிரிக்காகக் குதிச்சிட்டான்!" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

24 ஜூன், செவ்வாய்

உமா தாள்களைப் படம் பிடித்து அனுப்பிவிட்டாள். தாணுமாலயன் உடனே போன் பண்ணி நன்றி சொன்னார். குழுவில் திருவிழாதான், நிமிஷத்துக்கு ஒரு கருத்து.

வெள்ளைக் கட்டத்தையும் சொன்னேன். கிழித்தது நான் என்று என் விரலாலேயே அடித்தேன், ஒவ்வொரு எழுத்தாக. கால் மணி நேரம் ஆனது. "முகம் எப்படி இருந்தது ஆச்சி?" என்று நூறு பேர் கேட்டார்கள். சாதாரண முகம், சைக்கிள் கடைக்காரர் மாதிரி, தூக்கம் கெட்ட கண் என்றேன்.

கடற்கரை சும்மா இருப்பானா? "கடைசித் தாள் இல்லாமலே கதை நன்றாக இருந்தது. சேர்க்க வேண்டாம்" என்கிறான். பாதிப்பேர் அவன் கட்சி. வா, வா. நாளைக்கு வைத்துக்கொள்கிறேன்.

14 செப்டம்பர், ஞாயிறு

இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு கடைசித் தாளும் இருக்கிறது, பற்பொடி உட்பட. முகம் இருக்கிற பிரதி எங்கேயும் கிடைக்காததால் கட்டம் வெள்ளையாகவே இருக்கிறது. அடியில் பொடி எழுத்தில், இது ஓவியர் விட்டதல்ல, வாசகி ஒருவர் எடுத்துக்கொண்டது என்று போட்டிருக்கிறார்கள். நன்றி சொன்ன பக்கத்தில் ஜாஹிரா பீவி பேர் என் பேருக்கு ஒரு வரி மேலே. எதற்கு மேலே?

9 நவம்பர், ஞாயிறு

தாணுமாலயன் அடுத்த தொகுப்புப் போட்டுவிட்டார், பறக்கிற ஆள் ஒருத்தனை வைத்து. ஜாஹிராவும் நானும் சேர்ந்து ஒரே பிரதி வாங்கினோம். யார் முதலில் படிப்பது என்பதில் தகராறு. புத்தகம் என்னிடம் இருக்கிறது. இரண்டு நாளாகப் பேச்சு இல்லை.

காலையில் அவள் போன் அடித்தாள். எடுக்கவில்லை. இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது. மறுபடி அடிப்பாள்.