கை தட்டியதில் போன வீடு

அக்கா,

புக்கிட் செந்தோசாவில், நாங்கள் இப்போது வாடகைக்கு இருக்கும் ஃபிளாட்டுக்குக் கீழே பூக்கடை வந்திருக்கிறது. பூமாலை வாடை மாடி வரை ஏறுகிறது. நான் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். ஏனென்று புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நீங்கள். செத்துப்போய்விட்டீர்கள்.

கோலாலம்பூரில் பெரிய சட்ட நிறுவனத்து வக்கீல் நீங்கள். சனிக்கிழமைகளில் கோலசிலாங்கூர் பக்கம் எங்கள் எஸ்டேட்டுக்கு வருவீர்கள். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லிக் கம்பெனி நோட்டீஸ் விட்டிருந்தது. மாற்று வீடு கேட்டு எங்களுக்காக இலவசமாக வழக்காடினீர்கள். "எதுலயும் கையெழுத்துப் போட்றாதீங்க" என்று வீடு வீடாகச் சொன்னீர்கள். ஃபோம் த்ரீயோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்ட என்னிடம், "நீ பேனாவையே தொடமாட்ட, உன்னால பயமில்ல" என்றீர்கள்.

யாரும் கையெழுத்துப் போடவில்லை. மாரியம்மன் திருவிழா வந்தது. வழக்கம்போல் முதல் மாலை மேனேஜருக்கு. வழக்கு நடப்பது கோயில் தலைவருக்கு உறைக்கவே இல்லை. மேனேஜர் மைக்கில் இங்கிலீஷில் பேசினார். வீட்டைக் காலி செய்யச் சம்மதித்ததற்கு நன்றி என்றாராம்; எங்களுக்குப் புரியவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். ஒருவன் விசிலடித்தான்.

அதை வீடியோ எடுத்துக் கம்பெனி கோர்ட்டில் கொடுத்தது. சம்மதம்தான் என்று நீதிபதி எடுத்துக்கொண்டார். தோற்றோம்.

"ஏன் தலைவரே கை தட்டுனீங்க?" என்று கேட்டீர்கள்.

"மேனேஜரு பேசி முடிச்சா தட்டுறதுதானம்மா மரியாத. கையெழுத்தா போட்டோம்?"

நீங்கள் சிரித்தீர்கள். அப்படி ஒரு சிரிப்பு யாருக்கும் வரக்கூடாது. "மாலை போடாதீங்க, கை தட்டாதீங்கன்னு நான் சொல்லல லா. என் தப்புதான்."

லோரியில் சாமான் ஏற்றிய அன்றும் வந்தீர்கள். உங்கள் காதில் விழவேண்டும் என்றே எங்கள் ஆட்கள் பேசினார்கள்: "ஓசி லாயருன்னா இப்படித்தான். காசு கொடுத்திருந்தா ஜெயிச்சிருப்போம்." நீங்கள் திரும்பவில்லை. எங்கள் வீட்டுக் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தீர்கள்.

நீங்கள் இறந்ததைத் தலைவரிடம் சொன்னேன். "யாரு, கேஸத் தோத்துச்சே, அந்தப் புள்ளயா?" என்றார். பிறகு டீயைக் குடித்தார்.

எஸ்டேட்டிலிருந்து வந்தவர்கள் பலரும் இந்த ஃபிளாட்டில்தான் இருக்கிறோம்; போன வாரம் இங்கே கூட்டம். நிர்வாகக் கம்பெனி ஆள் கோட்டு போட்டு வந்து இங்கிலீஷில் பொழிந்தான். முடிந்ததும் கைகள் எழுந்தன.

"தட்டாதீங்க! என்னா சொன்னான்னு மொதல்ல கேளுங்க!" என்று கத்தினேன்.

"பாருங்கடா, ஃபோம் த்ரீ லாயரு!" என்றார் அதே கோயில் தலைவர். கூட்டமே சிரித்தது. சிரித்து முடித்து, எல்லாரும் தட்டினார்கள்.

நான் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன்.