கிணற்றுப் படத்துக்கு என்ன நிறம்

ஸ்கந்தபுரம்
ஆவணி, 1958

அன்பின் பவளத்துக்கு,

நான் கீறி அனுப்பின படத்தைப் பார்த்திட்டு நீரும் கீறிப் பழகப் போறதாய் எழுதியிருந்தீர். நல்லது. சின்னனாய்க் கீறும். தூரிகை கழுவ ஒரு சிரட்டை தண்ணி காணும். வாய்க்காலில இருந்து நான் சைக்கிளில கொண்டுவாறதில அவ்வளவுதான் மிஞ்சுது. வெயில் ஏற முதல் பூசும், இல்லாட்டி நிறம் திட்டுத்திட்டாய்க் காஞ்சுபோம்.

எழும்பி, முற்றத்துக் கிணத்தை எட்டிப் பார்த்திட்டு வந்து எழுதுறன்.

வெள்ளிக்கிழமை பிள்ளையளோடை வாறனெண்டு எழுதியிருக்கிறீர். ரயிலில சனம் கூட. மாரி தொடங்கினாப் பிறகு வரலாம்தானே.

படத்தில எங்கடை கிணத்துத் தண்ணி பளபளக்குது, என்ன நிறம் பூசினனீங்கள் எண்டும் கேட்டிருந்தீர். அந்த இடத்தில நான் ஒண்டும் பூசேல்லை, பவளம். அதுக்குள்ளை ஒண்டுமில்லை. வெறும் கடதாசிதான்.

இப்பவும் கிணறு கிண்டிக்கொண்டிருக்கிற,
உம்மடை மனுசன்