மேனேஜருக்கு நான் எழுதிய நற்சான்று

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் சித்தியும் நலம், என் முழங்கால் மட்டும் நலமில்லை, அது என் பேச்சை என்றைக்குக் கேட்டது. நீயும் மேனேஜரும் நலமா என்று கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது, உன் நலம் கெட்டது யாரால் என்று வியாழக்கிழமைதான் தெரிந்தது. சித்தியிடம் அழுதிருக்கிறாய், சித்தப்பாகிட்ட சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படுவார் என்றும் சொல்லியிருக்கிறாய். அவள் வாயில் எது தங்கியது.

நீ போயிருக்கிற ஊரில் வாடகைக்கு வீடு கேட்கும்போது, கூடவே மேனேஜர் என்று ஒரு நாய் என்றதும் பதினொரு வீட்டுக்காரர்கள் உன் முகத்தில் கதவைச் சாத்தியது எனக்குத் தெரியும். பன்னிரண்டாவதாக அந்த ரிடையர்டு நர்ஸம்மா, தன் வீட்டுக்கு நேர் மேலே நாலாவது மாடி காலியாக இருக்கிறது, நாய் இதற்கு முன்னால் இருந்த வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கி வா, யோசிக்கிறேன் என்றாராம். நீ சொன்னதும் ஸ்பேனரைக் கீழே போட்டுப் பேனாவை எடுத்தேன். ஆறாம் வகுப்போடு படிப்புதான் என்னை விட்டது, நான் அதை விடவில்லை, லிஃப்ட் நின்றுபோனால் பெரிய பெரிய இன்ஜினியரெல்லாம் என்னைத்தான் தேடி வருகிறார்கள், எழுத்தும் எனக்கு அப்படித்தான். மூன்று பக்கம் எழுதினேன். அதைப் படித்ததும் நர்ஸம்மா வீடு இல்லை என்றுவிட்டாராம். வியாழக்கிழமை சித்தி என்னைச் சமையலறை ஸ்டூலில் உட்காரவைத்து, நான் கார்பன் வைத்து எடுத்த நகலை உரக்கப் படித்தாள். எட்டடிச் சுவரை ஒரே தாவலில் தாண்டும், குரைத்தால் மூன்று தெரு எழுந்து உட்காரும், ஒரே சமயத்தில் இரண்டு திருடர்களைப் பிடித்தது, அதில் ஒருவன் இன்னும் நொண்டுகிறான். கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. படித்து முடித்து, இதைப் படிச்சா நானே வீடு தரமாட்டேன், நாய்க்கு இல்ல, எழுதின ஆளுக்கு என்றாள். அப்புறம்தான் நர்ஸம்மா இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். தனியாக இருக்கிற வயசான அம்மா, தலைக்கு மேலே இப்படி ஒரு புலி உலாவினால் எப்படிக் கண்ணை மூடுவார்.

மேனேஜர் யாரென்று நமக்குத்தானே தெரியும். நாம் வேலை செய்வதைப் படுத்தபடியே மேற்பார்வை பார்த்ததால் வந்த பெயர் அது. திருடன் என்றது காஸ் சிலிண்டர் போடும் ஆளை, அவர் செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, மனுஷன் ஒற்றைச் செருப்போடு நடந்து போனதைத்தான் கொஞ்சம் விரித்துவிட்டேன். விளையாட்டாக எழுதியது உன் தலையில் விடிந்தது. நீ இப்போது தங்கியிருக்கிற உன் தோழி மாடி அறையில் முப்பதாம் தேதி வரைக்கும்தான் இடம், அதனால் நாய்க் காப்பகத்து ஃபாரத்தை அவளே வாங்கிக் கொடுத்திருக்கிறாள் என்று சித்தி சொன்னாள். மகளே, அதில் கையெழுத்துப் போடாதே. பன்னிரண்டு வயதில் அது இனிமேல் யார் கையை மோந்து பழகும்.

வெள்ளிக்கிழமை நர்ஸம்மாவுக்கு போன் போட்டோம். வணக்கம்மா, என் நாற்பது வருஷ சர்வீஸில் என்று தொடங்கினேன், சித்தி போனைப் பிடுங்கிவிட்டாள், நல்லதாகப் போயிற்று. அந்த அம்மா தங்கமானவர். பொண்ணைப் பிடிச்சுப்போச்சும்மா, லெட்டரைப் படிச்சுத்தான் வெலவெலத்துட்டேன், உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்க, புதன்கிழமை வரைக்கும் வேற யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்றார். உள்ளதை எழுதுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா. ஐம்பது மாடிக் கட்டிடத்தில் மாட்டிக்கொண்ட லிஃப்டைக் கையாலேயே இறக்கியவன் நான் (ஒன்பது மாடி, சித்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்), நாலு தாள் கிழித்தேன். ஐந்தாவது தாள் இதோடு இருக்கிறது. அதில் உள்ளது இவ்வளவுதான்:

“நாய்க்கு வயது பன்னிரண்டு. இடது கண் தெரியாது. யாரையும் கடித்ததில்லை. குக்கர் விசில் அடித்தால் ஒளிந்துகொள்ளும். எங்கள் வீட்டில் நாலு வருஷம் இருந்தது, ஒரு செருப்பைத் தவிர ஒன்றும் கெடவில்லை. என் அண்ணன் இறந்த பிறகு அவர் மகள் இந்த நாயோடு எங்களிடம் வந்தாள். ஆறு மாதம் யாரோடும் பேசவில்லை, சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டாள். நாயை வெளியே கூட்டிப்போக மட்டும் தினம் இரண்டு வேளை எழுந்தாள். அப்படித்தான் அவள் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தாள்.”

சித்தி பேனாவோடு உட்கார்ந்தவள் ஒரு சொல்லையும் அடிக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு என் கையெழுத்துக்குக் கீழே தானும் போட்டாள்.

கூரியர் செவ்வாய்க்கிழமை வந்துவிடும், அன்றைக்கே கொண்டுபோய்க் கொடு, மேனேஜரையும் கூட்டிப்போ, அதன் நகத்தை வெட்டிவிடு, கீழ்வீட்டில் தரைச் சத்தம் கேட்கக் கூடாது. லிஃப்டில் ஏறினால் அதை உள்பக்கச் சுவரோரம் நிறுத்து, கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு அப்புறம் பட்டனை அமுக்கு, கதவில் கயிறு சிக்கினால் விபரீதம், இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. நீ போகிற கதவெல்லாம் திறக்கட்டும், உனக்கும் அதற்கும் ஒரு குறையும் வராது, எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் கூடவே இருக்கிறது.

இப்படிக்கு,
லிஃப்ட் வேலையில் உள்ளூரில் முதல் ஆளான (இரண்டாவது என்கிறாள் சித்தி)
உன் சித்தப்பா

மறந்துவிடாதே, வீடு கிடைத்ததும் நர்ஸம்மாவிடமிருந்து அந்தப் பழைய மூன்று பக்கத்தைத் திருப்பி வாங்கி மேனேஜருக்குப் படித்துக் காட்டு. அதற்காவது தெரியட்டும், அதைப் பற்றி நான் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று.