கதவைத் தட்டிய ஊர்

ஜனவரி 8, 2025. திண்டிவனம்.

அப்பா பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்தார். என் வீட்டுக்காரர் ஜிதேந்திரன் போன் செய்தாராம். கம்பெனி மூன்று ஊர்களில் எதற்கு வேண்டுமானாலும் போகச் சொல்கிறது: ஹூஸ்டன், சிகாகோ, சியாட்டில். மூன்றிலும் குடித்தனம் பண்ணியாயிற்று. "மதியே முடிவு பண்ணட்டும். எது வசதி, ஜனங்க எப்படின்னு எழுதி வைக்கச் சொல்லுங்க. டிக்கெட்டோட வர்றேன்."

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பொண்டாட்டியக் கேட்டு ஊரை முடிவு பண்ற மாப்ளே யாருக்கும்மா கெடைப்பாரு?"

பிப்ரவரி 2 வருகிறார். என்னையும் மகள் ஹர்ஷினியையும் அழைத்துப் போக. நான் இங்கே வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. தும்மினால் இன்னும் இடது விலா வலிக்கிறது. அம்மாவிடம் காட்டினேன். "எல்லா வீட்லயும் நடக்கறதுதாண்டி" என்றாள்.

ஜனவரி 11

கேட்டார் இல்லையா? எழுதுகிறேன்.

ஹூஸ்டன். வெயில் நம் ஊர் வெயில்தான். பால் வாங்கக்கூடக் கார் வேண்டும். ஜனங்கள் தங்கமானவர்கள், முன்பின் தெரியாதவர்களும் சிரித்துக் கும்பிடாத குறையாக நலம் விசாரிப்பார்கள். அங்கேதான் கன்னத்தில் முதல் அறை. ஒரு வாரம் காதில் இரைச்சல். அப்புறம் ஒருநாள் என் முகத்தை அடுப்பு மேடையில் வைத்து அழுத்தினார். மறுநாள் கதவிடுக்கில் கீழ்வீட்டுக்காரர் எழுதிய சீட்டு: 'தயவுசெய்து சத்தத்தைக் குறைக்கவும். இந்த நாள் இனிய நாளாகட்டும்.' பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம் வேறு.

அவர், இவர் என்று எழுதக் கை கூசுகிறது. இனி இந்த நோட்டில் அவன்தான்.

ஜனவரி 13

சிகாகோ. குளிர் எலும்பைக் கடிக்கும். பஸ், ரயில் எல்லாம் உண்டு, யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். ஜனங்கள் சிரிப்பதில்லை. எதிர் வீட்டுக்காரி ரயில் ஓட்டுகிறவள். இரண்டு வருஷத்தில் ஒரு வணக்கம் சொன்னதில்லை. அவன் பெல்ட்டை எடுத்த அன்றைக்கு வந்து கதவை இடி இடியென்று இடித்தாள். அவனை விலக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள், "அடிக்கிறானா?"

இல்லை என்றேன். போலீசைக் கூப்பிட்டாள். அவர்களிடமும், குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றேன். போகும்போது அவள் பார்த்த பார்வை. ஏன் அப்படிச் சொன்னேன்? யாருடைய மானத்தைக் காப்பாற்ற?

ஜனவரி 16

சியாட்டில். மரம், ஏரி, மலை. நாம் அவர்கள் காலை மிதித்தாலும் அவர்களே ஸாரி சொல்வார்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடக் கூடாது என்பது நம் ஜைன வீட்டு நியமம். அங்கே டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். அவன் வருவது ஆறு மணிக்கு. டப்பாவில் கட்டிக் கொடுத்தேன், ஆறிப்போச்சுன்னு அடி. சூடா எடுத்து வெச்சேன், பொழுது போச்சுன்னு அடி. சூரியன நானா எறக்குனேன்?

என் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டில் பாட்டை உயர்த்தி வைப்பார்கள். நல்ல பாட்டுகள்.

போன அக்டோபரில் ஒரு சிலந்தியைக் காகிதத்தில் ஏந்தி, நோகாமல் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தான். வந்து கதவைச் சாத்திக்கொண்டு என் விலாவில் உதைத்தான்.

ஜனவரி 29

"எந்த ஊரும்மா?" என்று அப்பா தினமும் கேட்கிறார்.

பிப்ரவரி 3. பாஞ்சாலி வீடு.

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

நேற்று மதியம் அவன் வந்தான். சாப்பிட்டான். "மதி எல்லாம் எழுதி வெச்சிருக்குது மாப்ளே" என்று அப்பா இந்த நோட்டை அவன் கையிலேயே கொடுத்தார். படித்துப் பார்க்காமல். மூன்று பக்கம் படித்தவன் நான்காவதைக் கிழித்தான். என் கூந்தலைப் பிடித்துச் சுவரில் மோதினான். இரண்டு தடவை. ஹர்ஷினி வீறிட்டாள்.

அப்பா சொன்னது இதுதான்: "கொழந்த பாக்குது மாப்ளே. உள்ள போய்ப் பேசுங்க."

நாங்கள் உள்ளே போனதும் அப்பாவே கதவைச் சாத்தினார். அவன் தாழ்ப்பாள் போட்டான்.

கழுத்தில் முழங்கால். வாயில் அவன் கை. அப்போது கதவு அதிர்ந்தது. கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த வேலைக்காரி பாஞ்சாலி, பித்தளைக் குடத்தால் இடிக்கிறாள். "தொறய்யா. தொறக்கலன்னா ஒடைச்சிக்கினு வருவேன். தெருவையே கூட்டிக்கினு வருவேன்."

அவன் திரும்பிப் பார்த்தான். கடித்தேன். பல் இறங்குகிற வரைக்கும் கடித்தேன். வாயெல்லாம் ரத்த உப்பு. முட்டைகூடத் தொடாத வாய். அலறினான். எனக்கு விட மனசே வரல.

நான் தாழ்ப்பாளைத் திறந்ததும் அம்மா மஞ்சள்தூளோடு ஓடி வந்தாள். அவனுக்குப் போட.

பாஞ்சாலி ஒரு கையில் ஹர்ஷினியையும் இன்னொரு கையில் என்னையும் பிடித்து வெளியே நடந்தாள். தரையில் கிடந்த நோட்டை நான் எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 4

ஸ்டேஷனில் கேட்டார்கள். இந்தத் தடவை நான் வழுக்கி விழவில்லை.

பிப்ரவரி 6

துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். அம்மா, "ரத்தம் வர்ற மாதிரி கடிச்சிருக்கியேடி. அந்தப் பாவம் போக கோயில்ல நின்னு ஒருநாள் உபவாசம் இரு" என்றாள்.

"என் விலாவுக்கு யாரு உபவாசம் இருந்தா?"

அப்பா குடிதண்ணீரைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத உயிர் எதுவும் செத்துவிடக் கூடாது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மார்ச் 10. விழுப்புரம்.

பாஞ்சாலியின் தங்கை பிடித்துக் கொடுத்த ஒற்றை அறை. ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. கொசு, சாக்கடை, வாசலில் விடாமல் ஹாரன். பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே கேட்கிறது.

அவன் திரும்பிப் போக முடியவில்லை. கேஸ் நடக்கிறது.

ஜூன் 14

சாயங்காலம் ஹர்ஷினிக்கும் எனக்கும் சோறு போட்டு உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், பிரேம்குமார், ஷாலினி வீட்டில் ஒரு சத்தம். அடி விழும் சத்தம் எனக்குத் தெரியாதா? ஹர்ஷினி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

எழுந்து போய்த் தட்டினேன். பிரேம்குமார் திறந்தான்.

"இன்னா வேணும்ங்க?"

"ஷாலினிய வரச் சொல்லுங்க."

"இது ஃபேமிலி மேட்டருங்க."

"தெரியும். நான் இங்கயே நிக்கிறேன்."

நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் வந்தாள். உதடு கிழிந்திருந்தது.

"வழுக்கி வுழுந்துட்டேங்க்கா."

"நானும் நெறைய தடவ வுழுந்திருக்கேன். வா, சாப்பிடலாம்."

அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. இன்னொரு தட்டு எடுத்து வைத்தேன். மூன்று பேரும் சாப்பிட்டோம்.