நான்கு குடும்பம், ஒரு கழிவறை

மார்ச் 4
காலை வரிசையில் இன்று நான் மூன்றாவது. கீழ்வீட்டு டிரைவர் உள்ளே போனால் செய்தித்தாளில் வரி விளம்பரம் வரை படித்துவிட்டுத்தான் வெளியே வருவார். நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்குப் பத்து நிமிடம் தாமதம். முதலாளி கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார்.

மார்ச் 9
அத்தைக்கு, என் கணவரின் அம்மாவுக்கு, மறுபடி காய்ச்சல். சிறுநீரில் கிருமியாம். "தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்றார் டாக்டர். அத்தை தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம் மட்டும்: "குடிச்சா ரெண்டு மாடி இறங்கணுமேம்மா. இந்த முட்டியை வச்சுக்கிட்டு..."

பதினோரு வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன் — அத்தை தண்ணி குடிக்காதது என் கண்ணுல ஏன் படல?

மார்ச் 12
மாடியிலேயே கழிவறை கட்ட அனுமதி கேட்டுப் புராதனக் கட்டட அலுவலகத்துக்கு மூன்றாவது மனு. முதல் இரண்டுக்கும் ஒரே பதில்: இருநூறு வருடக் கட்டடம், சுவரில் கை வைக்கக் கூடாது. எங்கள் படிக்கட்டைச் சுற்றுலாக்காரர்கள் படம் பிடிக்கிறார்கள். ஏறி இறங்குவது நாங்கள்.

"வேற பக்கம் போயிடலாமா?" என்றார் என் கணவர். அத்தை படுத்தபடியே, "நீ போ. நான் குரல் கொடுத்தா ஓடிவர நாலு வீடு இங்கதான் இருக்கு" என்றார்.

மார்ச் 21
எழுதும்போதே சிரிப்பு வருகிறது. புராதனக் கட்டட அதிகாரி காலை ஏழரைக்கே அளவு நாடாவோடு வந்தார். சுவரின் பெருமையை அரை மணி நேரம் சொன்னார். இரண்டு டம்ளர் எலுமிச்சைச் சாறு குடித்தார். அப்புறம் முகம் மாறிவிட்டது.

"இங்க டாய்லெட்...?"

"ரெண்டு மாடி கீழே சார். வரிசையில மூணு பேர் இருக்காங்க."

உள்ளே டிரைவர்! இவர் கதவைத் தட்ட, "அவசரம்னா எல்லாருக்கும்தான்யா அவசரம்!" என்று பதில்.

வேர்த்து விறுவிறுத்து மேலே வந்தவர், அத்தையைப் பார்த்தார். "இவங்க தினமும் இறங்குறாங்களா?" சாமான் அறையின் தடுப்பைத் தட்டிப் பார்த்தார். "இது பழசு இல்ல, பின்னாடி வச்சது. எடுத்துட்டு உள்ளேயே கட்டிக்கலாம்."

ஏப்ரல் 17
அனுமதி வந்துவிட்டது!

மே 6
கழிவறைப் பீங்கானை டிரைவரே தோளில் சுமந்து ஏறினார். "சிம்மாசனம் வருது, வழி விடுங்க!" மொத்தக் கட்டடமும் வேடிக்கை பார்த்தது.

மே 14
அத்தை உள்ளே போய் இருபது நிமிடம் ஆகிறது. பாட்டுக் கேட்கிறது. அவருக்குப் பாட வரும் என்று எனக்குத் தெரியாது. அவர் மகனுக்கும் தெரியாதாம். இப்போது சரணம் தொடங்கியிருக்கிறார். நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.