நான்காம் ரக்அத்துக்கு எழுந்துவிட்டேன், அத்தா

என் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமைதான், ஆனால் தயவுசெய்து சத்தமாகச் சொல்ல வேண்டாம். உங்கள் பதில் காதில் விழுந்தால், இந்த பெஞ்சிலிருந்து நானும் விழுந்துவிடுவேன்.

கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியிலிருந்து எழுதுகிறேன். பக்கத்தில் உங்கள் மகள் சபீனா ஸ்வெட்டருக்குள் கைகளை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இங்கே ஏர்கோன் அப்படிக் குளிர்கிறது. பிரிக்பீல்ட்ஸில் பாதிக் கடைகளின் ஏர்கோனைப் பழுது பார்த்தவர் நீங்கள், வந்து ஒரு பார்வை பார்த்தால் தேவலை. நீங்கள் இருக்கும் இடத்தில் அந்த வேலைக்கு ஆள் தேவைப்படாது என்று நம்புகிறேன். தேவைப்பட்டால், அது தப்பான பக்கம்.

சுற்றி வளைக்கிறேன் இல்லையா? சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததில் நல்லதா கெட்டதா என்று தெளிவாகவில்லை, அறுத்து எடுத்துச் சோதித்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். இன்று காலை உள்ளே கொண்டுபோனார்கள். இன்னும் வெளியே வரவில்லை.

நீங்கள் போன பிறகு வீட்டில் சேர்ந்து தொழும் ஜமாஅத் கிடையாது. ஆளுக்கொரு மூலையில் தொழுதுகொண்டோம். நீங்கள் முன்னால் நின்று தொழவைத்த முஸல்லா விரிப்பு அலமாரியின் மேல் மடித்தபடியே கிடந்தது. முந்தாநாள் மாலை மஃரிப் தொழுகைக்கு அம்மா அதை எடுத்து உதறி முன்னால் விரித்தார். மறுநாள் அவரை வார்டில் சேர்க்க வேண்டும்.

"நீ முன்னாடி நில்லு" என்றார்.

"நானா? பஸ் ஸ்டாப்புலகூட என் பின்னாடி யாரும் நிக்க மாட்டாங்கம்மா."

அம்மா சிரிக்கவில்லை. அவர் சிரிக்காதபோதுதான் எனக்கு முதலில் பயம் வந்தது. பின்னால் சபீனா தன் வெள்ளைத் தெலெகோங் தொழுகை அங்கியை மூன்று தடவை உதறிப் பார்த்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டாள். அதற்கு முந்தின வாரம் அதன் மடிப்பில் ஒரு ரப்பர் பல்லி இருந்தது. எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

தக்பீர் கட்டினேன். முதல் ரக்அத், ஓதி, குனிந்து, ஸஜ்தாவில் நெற்றி தரையில் பட்டு எழும்வரை நன்றாகத்தான் போனது. இரண்டாவதில் மனம் கழன்றுகொண்டது. ஞாயிற்றுக்கிழமை மதரஸாவில், நடக்கப்போவதெல்லாம் அல்லா முன்னமே எழுதியாச்சு என்றால் நான் ஏன் எஸ்பிஎம் பரீட்சை எழுதணும் என்று உஸ்தாதைக் கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தேனே, அதைச் சொன்னபோது நீங்கள்கூடத் தேநீரைச் சிந்தினீர்கள். உஸ்தாதும் சிரித்துவிட்டு, நீ அல்லாவிடம் வேண்டிக் கேட்கும் துஆவும் அந்த எழுத்துக்குள்தான் இருக்கிறது என்றார். அன்று அது எனக்கு நல்ல பதிலாக இருந்தது. அன்று நீங்கள் உயிரோடு இருந்தீர்கள்.

பிறகு நீங்கள் கிடந்த ஐசியூ வாசலில் நான் கேட்ட துஆக்கள் எந்த எழுத்துக்குள் இருந்தன, அத்தா? நான் சரியாகக் கேட்கவில்லையா? உளூவில் கால் கழுவும்போது குதிகால் நனையாமல் விட்டுவிட்டேனா? விளையாட்டுப் பையன் என்று அல்லா தள்ளி வைத்துவிட்டானா?

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே மூன்றாவது ரக்அத்தின் ஸஜ்தாவிலிருந்து நிமிர்ந்தேன். மஃரிபுக்கு மூன்றுதான் என்று குழந்தைக்கும் தெரியும். நான் நேராக எழுந்து நின்றுவிட்டேன்.

பின்னால் கை தட்டும் சத்தம். இமாம் தவறினால் பெண்கள் பேசாமல் ஒரு கையின் புறத்தில் மறு கையால் தட்டிக் காட்டுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? எனக்கும் தெரியும். ஆனால் தட்டியது சபீனா. பல்லிக்குப் பழி வாங்குகிறாள், என்னைக் குழப்பி உட்கார வைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். தொழுகையிலா விளையாடுவது என்று எனக்குக் கோபம் வேறு. நான்! கோபம்!

மறுபடி தட்டினாள். நான் விடாமல் ஃபாத்திஹா ஓத ஆரம்பித்தேன். அப்போது இன்னொரு கை தட்டியது. மெதுவாக, ஒரே ஒரு தடவை. அம்மா. பின்னால் யாருமே எழுந்து நிற்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சட்டென்று உட்கார்ந்து, அத்தஹிய்யாத்தை முடித்து, மறதிக்கான இரண்டு ஸஜ்தா செய்து ஸலாம் கொடுத்தேன். திரும்பியதும் முதலில் சொன்னது, எல்லாவற்றையும் திரும்பத் தொழுதுவிடலாம் என்பதுதான். ஆஸ்பத்திரிக்குப் போகிறவருடைய தொழுகையை நான் பாழாக்கிவிட்டேன் என்று பட்டது.

"ஸஜ்தா செஞ்சாச்சுல்ல, அது போதும். மறக்கிறவனுக்கும் சேர்த்துத்தான் அல்லா வழி வச்சிருக்கான்" என்றார் அம்மா. "துஆ கேளு."

கையை ஏந்தினேன். உடனே இறக்கிக்கொண்டேன்.

"அத்தாவுக்கும்தானே கேட்டேன்மா. குடுக்கலையே."

அம்மா தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டார். "நானும்தான்டா கேட்டேன். அதுக்காக எனக்குக் கேக்க மாட்டியா?"

கேட்டேன், அத்தா. அரபு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. தமிழில், அம்மாவை எங்களுக்கே திருப்பிக் கொடு என்று மட்டும் கேட்டேன். சபீனா சொன்ன ஆமீனுக்குப் பக்கத்து வீட்டு ஆன்டி கதவைத் திறந்து பார்த்தார்.

இதுவரை எழுதிக்கொண்டிருந்தபோது தாதி வந்து அம்மாவின் பெயரைச் சொல்லி, வாரிஸ் யார் என்று கேட்டார். மலாயில் நெருங்கிய உறவு என்று அர்த்தம். உங்கள் டூல் பாக்ஸைத் தவிர வேறெதுவும் வந்து சேராத இந்த வாரிசு கையைத் தூக்கினான்.

"ஆபரேஷன் முடிஞ்சிருச்சு தம்பி. அம்மா இன்னும் மயக்கத்துல இருக்காங்க, பயப்படாதீங்க லா. கட்டிய லேபுக்கு அனுப்பியாச்சு. ரிசல்ட்டுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும்."

பாதி மூச்சு வந்தது. மீதிப் பாதி லேபில் இருக்கிறது.

அவர் போனதும் சபீனா ஸ்வெட்டருக்குள்ளிருந்து கேட்டாள்: "அண்ணே, அந்தக் கட்டிய எடுத்தாச்சு. நல்லதோ கெட்டதோ, இப்பவே ஒண்ணா ஆயிருச்சு. இனிமே துஆ கேட்டா மாறுமா?"

நான் உஸ்தாதைக் கேட்டதுகூட இவ்வளவு கூர்மையாக இல்லை. ஒரு ஜோக் தேடினேன். கிடைக்கவில்லை. தெரியவில்லை என்றேன்.

"தெரியாமலா முன்னாடி நின்ன?"

"ஆமா."

அவள் ஸ்வெட்டரிலிருந்து கைகளை வெளியே எடுத்தாள். அசர் தொழுகைக்கு நேரமாகிறது, தொழுகிற சூராவ் எந்த மாடி என்று கேட்டாள். அவ்வளவுதான். இனி அவள் என்னைத்தான் கேட்பாள், அத்தா.

ஒரு வாக்கு கொடுக்கிறேன். இன்று மஃரிபிலிருந்து வீட்டில் நான் முன்னால் நிற்பேன். ரிசல்ட் வரும்வரை கேட்பேன். அது வந்த பிறகும், எதைச் சொன்னாலும், கேட்பதை நிறுத்த மாட்டேன். பயத்தோடுதான் கேட்பேன். பயம் போகட்டும் என்று காத்திருந்தால் நான் என்றைக்குமே கேட்கப்போவதில்லை. உங்களுக்காகக் கேட்பதும் அதில் உண்டு. அது எந்த எழுத்துக்குள் போய்ச் சேருகிறது என்று தெரிந்தால், எனக்குச் சொல்ல வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்,
வேறு ஆள் கிடைக்காததால் சபீனாவின் இமாம்,
அஷ்ரப்